இடப்பக்கம் திரும்பும் வால்

ஆவுடையப்பன் சீடராகப் போய்ச் சேர்ந்தபோது அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. குருவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை.

குருவின் பெயர் ஜெபசெல்வி. ஊருக்கு வெளியே, சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுபாதை ஒன்று கிடக்கிறது. இப்போது அதில் நிஜ விமானம் எதுவும் இறங்குவதில்லை. வெடிப்புகளில் எருக்கு முளைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரிமோட் விமானங்களைத் தூக்கிக்கொண்டு சில பேர் வருவார்கள். மற்ற நாட்களில் காற்று மட்டும் வரும். ஓடுபாதை ஓரத்துத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, அந்த விமானங்களின் சர்வோக்களைச் சோதித்துக் கொடுப்பதுதான் ஜெபசெல்வியின் வேலை. எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள்.

சர்வோ என்றால் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. உள்ளே ஒரு மோட்டார், நாலைந்து பல்சக்கரம், கொஞ்சம் புத்தி. தரையில் நிற்பவர் ரிமோட்டில் குச்சியைத் தள்ளினால், மேலே பறக்கும் விமானத்தின் வாலைத் திருப்புவது அதுதான்.

"இந்த வயசுல எதுக்கு அண்ணாச்சி இது?" என்று முதல் நாள் மாஸ்டர் கேட்டார்.

"வீட்டுல சும்மா இருக்க முடியலை, மாஸ்டரம்மா."

"முன்னால என்ன வேலை பாத்தீய?"

"ரயில்வேல. சிக்னல் கைகாட்டி மரத்தைப் பராமரிக்கது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆவுடையப்பனால் அது முடியாது. ஒரு ஐப்பசி மழையில் கைகாட்டியின் கம்பி அறுந்துபோன கதையை எடுத்தார். அந்தக் கதையை அவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. பந்தியில் அவர் பக்கத்து இலையில் உட்காரவே ஆட்கள் யோசிப்பார்கள்.

மாஸ்டர் பாதியில் மறித்தார். "அந்தக் கதை எனக்குத் தெரியும்."

யார் சொல்லித் தெரியும் என்று ஆவுடையப்பன் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த கதைதானே.

மாஸ்டர் ஒரு சர்வோவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, கம்பிகளைச் சோதனைப் பெட்டியில் சொருகினார்.

"இதுவும் பேசும் அண்ணாச்சி. இன்னைக்கு நீங்க கேளுங்க."

வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

அவர் மனைவி கோமதி பாலிடெக்னிக்கில் ஆய்வகத்தைக் கவனித்துவந்தவள். ஐம்பதைத் தாண்டிய பிறகு அவளுக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. மெல்லிய மரச்சட்டம் வெட்டி, தாள் ஒட்டி, இன்ஜின் இல்லாத வெள்ளைக் கிளைடர் ஒன்றைத் தானே செய்தாள். "பேரன் எடுக்க வேண்டிய வயசுல பொம்மை எடுத்துட்டு அலையுதா பாரு" என்று அவர் எல்லோர் முன்னாலும் சிரிப்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் இந்த ஓடுபாதைக்கு வந்து பார்த்ததில்லை.

போன தையில் ஒரு காய்ச்சல் வந்தது. கோமதி போய்விட்டாள்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கலைந்தார்கள். அம்மாவின் சாமான்களை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டு மகளும் ஊருக்குப் போனாள். மறுநாள் உச்சிவேளையில், கொடுப்பதற்கு முன் ஒரு தரம் பார்ப்போமே என்று அவர் கிளைடரை நடுவீட்டு மேசையில் வைத்தார். ரிமோட்டைப் போட்டார். கிளைடரின் பேட்டரியைச் சொருகினார். குச்சியைத் தள்ளினால் வால் ஆடியது. சின்னப் பிள்ளையைப் போல அவருக்கே சிரிப்பு வந்தது. போதும் என்று ரிமோட்டை அணைத்தார்.

அப்போதுதான் அது நடந்தது.

யாரும் தொடவில்லை. வால் தானாக இடப்பக்கம் திரும்பியது. அவசரமே இல்லாமல் திரும்பியது. திரும்பிய இடத்தில் நின்றுகொண்டு உள்ளுக்குள் முனகியது.

"ம்ம்…"

ஆவுடையப்பனுக்கு மயிர்க்கால் குத்திட்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டில் அவர் ரயில்வே கதைகளை அவிழ்த்துவிடும்போது கோமதி மோரைக் கலக்கிக்கொண்டே உம் கொட்டுவாள். "கேக்கியா, இல்லை சும்மா உம் கொட்டுதியா?" என்று அவர் அதட்டுவார். அதற்கும் "ம்" என்பாள். அவர்கள் தாம்பத்தியத்தில் பாதி அந்த "ம்"தான்.

மேசைக்கு இடப்பக்கம் பின்வாசல் இருந்தது. பின்வாசலைத் தாண்டினால் கொல்லை. கொல்லையைத் தாண்டினால் கல்வெட்டாங்குழி. கல் வெட்டிக் கைவிட்ட பெரும் பள்ளம், பாசி பிடித்த தண்ணீர். உச்சிவேளையில் அந்தப் பக்கம் ஆடுகூடப் போகாது என்பார்கள்.

'வான்னு கூப்பிடுதா' என்று நினைத்தார் ஆவுடையப்பன். அப்படி நினைத்தபோது அவருக்குப் பயம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது.

அன்றிலிருந்து தினமும் உச்சிவேளையில் இரண்டு இலை போட்டார். சாப்பிட்டு முடித்து கிளைடரை எடுத்து வைத்து ரிமோட்டைப் போட்டு அணைத்தார்.

"சாப்பிட்டியா கோமு?"

வால் இடப்பக்கம் திரும்பும். "ம்ம்…"

"என் மேல கோபமா?"

"ம்ம்…"

"நான் வரட்டுமா?"

"ம்ம்…"

எதைக் கேட்டாலும் அதே பதில். இன்னும் ஒரு வார்த்தை அவளைப் பேச வைக்க வேண்டும். அதற்காகத்தான் அவர் சர்வோ படிக்க வந்தார்.

மாஸ்டர் எதையும் வேகமாகச் சொல்லித் தரவில்லை. மாதக்கணக்கில் கேட்க மட்டும் வைத்தார். காதோடு வைத்துக் கேட்டு, பல்லில் மண் ஏறிய சர்வோ எது, பல் உடைந்தது எது என்று அவர் பிரித்தறியப் பழகினார். ஒரு நாள் ஒரு சர்வோ நிற்காமல் நடுங்கியது.

"இதுக்கு என்ன, மாஸ்டரம்மா?"

"நடு எதுன்னு மறந்துபோச்சு."

"சரிபண்ண முடியுமா?"

"அதுக்குத்தானே நாம இருக்கோம்."

இன்னொரு நாள் மாஸ்டர் ஒரு விதி சொன்னார். "கையில இருக்க ரிமோட்டு முதல்ல முழிக்கணும், கடைசியில தூங்கணும். விமானத்தை முழிக்க விட்டுட்டு ரிமோட்டை எப்பவும் அணைக்கக் கூடாது."

"அணைச்சா?"

"அணைக்காதீங்க."

ஆவுடையப்பன் தலையாட்டினார். குரு சொன்னதில் அவர் மீறியது அந்த ஒரு விதியைத்தான். அதை மீறினால்தான் கோமதி வந்தாள்.

அவர் பலமுறை கேட்டார். "சர்வோவுக்குள்ள நாம நினைச்சதை ஏத்தலாமாமே. புரோகிராம் பண்ணதுங்காவளே. அதை எப்பம் சொல்லித் தருவீய?"

"கேள்வியோட வாங்க, சொல்லுதேன்."

"இதுவும் கேள்விதானே?"

"இது ஆசை."

கோமதி இதே கொட்டகையில் உட்கார்ந்து போனவள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஒருநாளும் இரண்டு பேரும் அவள் பேரை எடுக்கவில்லை.

ஆனி பிறந்து காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள். உச்சிவேளையில் காற்று திடீரென்று விழுந்துவிட்டது. இலை அசையவில்லை. ஆவுடையப்பன் வழக்கம்போல ரிமோட்டை அணைத்தார். வால் திரும்பியது.

"கோமு, முடியலை. வந்துரட்டுமா?"

"ம்ம்…"

அன்றைக்கு அந்தச் சத்தம் நீளமாக இருந்தது. அவர் எழுந்தார். பின்வாசலைத் திறந்தார். கொல்லையைத் தாண்டிப் போய்க் கல்வெட்டாங்குழியின் விளிம்பில் நின்றார். கீழே தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. வெயில் அதன்மேல் விழுந்தும் பளபளக்கவில்லை. முனகல் இப்போது வீட்டிலிருந்து வரவில்லை, தண்ணீரிலிருந்து வந்தது. அவர் ஒரு காலை முன்னால் வைத்தார். வெள்ளைச் சேற்றில் கணுக்கால் வரை புதைந்து வழுக்கியது.

அப்போது ஒரு நினைப்பு வந்தது. பேட்டரியைக் கழற்றாமல் வந்துவிட்டோமே.

சர்வோ இழுத்துக்கொண்டே நின்றால் பேட்டரி செத்துப்போகும். மாஸ்டர் பார்த்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்பார். ஆவுடையப்பன் காலைப் பின்னால் எடுத்தார். திரும்பி வந்து பேட்டரியைக் கழற்றினார். பிறகு தரையில் உட்கார்ந்தார். 

எழுந்து, கிளைடரை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு, அந்த வெயிலிலேயே கொட்டகைக்கு நடந்தார்.

மாஸ்டர் முதலில் அவர் காலைப் பார்த்தார். வெள்ளைச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அந்த ஊரில் அந்தச் சேறு ஒரே ஒரு இடத்தில்தான் உண்டு.

"கல்வெட்டாங்குழிக்குப் போனீயளா?"

அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"கூப்பிட்டா."

"யாரு?"

அவர் துண்டைப் பிரித்தார். கிளைடரை மேசையில் வைத்து, ரிமோட்டைப் போட்டு, பேட்டரியைச் சொருகி, ரிமோட்டை அணைத்தார். வால் மெல்ல இடப்பக்கம் திரும்பியது. தகரக் கொட்டகைக்குள் அந்த முனகல் நிறைந்தது. "ம்ம்…"

"தினமும் இப்படித்தான். இடப்பக்கம் எங்க வீட்டுப் பின்வாசல். என்ன கேட்டாலும் அங்கதான் காட்டுதா."

மாஸ்டர் சிரிக்கவில்லை. விதியை மீறியதற்கு ஏசவும் இல்லை. கிளைடரைத் தூக்கி, மூக்கு இருந்த பக்கம் வால் வரும்படி மாற்றி வைத்தார். இப்போது வால் எதிர்ச்சுவரோரம் இருந்த தண்ணீர்ப் பானையைக் காட்டியது.

"வீட்டுல இப்படித் திருப்பி வச்சுப் பாத்தீயளா?"

"இல்லை."

"ஏன்?"

அவர் பானையையே பார்த்தார். திருப்பி வைத்தால் என்ன ஆகும் என்று அவருக்கு முதல் நாளே தெரியும்.

பிறகு அவர் கேட்டார். "மாஸ்டரம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பேசுதது அவளா, மிஷினா?"

"இப்பத்தான் கேள்வி வந்திருக்கு" என்றார் மாஸ்டர். கிளைடரை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

ஓடுபாதையில் கானல் நெளிந்தது. மறுமுனைக்கு அப்பால் உடைமரக் காடு. காட்டுக்கு அப்பால், கல்வெட்டாங்குழி மேட்டின் வெள்ளை. மாஸ்டர் தரையில் அடித்திருந்த முளையில் நீண்ட ரப்பர் கயிற்றை மாட்டி, மறுமுனையைக் கிளைடரின் அடிவயிற்றுக் கொக்கியில் கோத்தார். ரிமோட்டைப் போட்டு ஆவுடையப்பன் கையில் கொடுத்தார்.

"எனக்குப் பறக்க விடத் தெரியாதே!"

"விட வேண்டாம். பிடிச்சுக்கிடுங்க, போதும்."

மாஸ்டர் கிளைடரைப் பிடித்தபடி, கயிறு விறைக்கப் பின்னால் நடந்து போய்க் கையை விட்டார். கிளைடர் சத்தமில்லாமல் எகிறியது. உச்சியில் கயிறு தானாகக் கழன்று விழுந்தது. வெள்ளை இறக்கை வெயிலில் ஒரு தரம் மின்னியது. பிறகு அது நேராகப் போக ஆரம்பித்தது.

ஆவுடையப்பன் அண்ணாந்து பார்த்தார். கோமதி செய்தது பறப்பதை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருப்பாள். அவர் கேட்டிருக்கமாட்டார். 

"தூரமாப் போகுது, மாஸ்டரம்மா."

"ஆமா."

"குழிப் பக்கமாப் போகுது!"

"ஆமா" என்று பக்கத்தில் வந்த மாஸ்டர், அவர் கையில் இருந்த ரிமோட்டை அணைத்தார்.

"கோமு!" என்று கத்திவிட்டார் ஆவுடையப்பன்.

கிளைடர் இன்னும் கொஞ்சம் போயிற்று. காட்டின் மேலே, வெள்ளை மேட்டுக்கு நேராக. அங்கே அதன் வால் மெல்ல இடப்பக்கம் திரும்பியது.

இறக்கை சாய்ந்தது. யாரும் ஓட்டாத அந்த விமானம் காட்டின் மேலே ஒரு பெரிய வட்டம் போட்டது. போட்டுத் திரும்பி ஓடுபாதைக்கு மேலே வந்தது. இன்னொரு வட்டம், முன்னதைவிடத் தாழ்வாக. சத்தமே இல்லை. அதன் நிழல் எருக்கஞ்செடிகளைத் தாண்டி, வெடிப்புகளைத் தாண்டி, ஆவுடையப்பனின் முகத்தின் மேல் ஏறிப் போனது. அந்த ஒரு கணம் அவருக்குக் குளிர்ந்தது. நிழல் போய்விட்டுத் திரும்பவும் வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியில் வயிறு புல்லில் உரசும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தார். கூப்பிடு தூரத்தில் கிளைடர் தரையில் கிடந்தது. ஒரு கீறல் இல்லை.

அவர் போய் அதைத் தூக்கினார். வால் இன்னும் இடப்பக்கம்தான் இருந்தது. உள்ளங்கையில் அந்த முனகல் அதிர்ந்தது.

"யாரு ஓட்டினா?"

"யாரும் ஓட்டலை."

"அப்பம் கோமு சொல்லலையா?"

"சொல்லலை, அண்ணாச்சி" என்றார் மாஸ்டர். "சொல்லி வச்சிருக்காவ."

ஆவுடையப்பன் வாலைத் தொட்டுப் பார்த்தார்.

"ரிமோட்டுக்கும் விமானத்துக்கும் தொடர்பு அத்துப்போனா என்ன செய்யணும்னு சர்வோகிட்ட முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். மூணு வழி. அப்படியே துவண்டு போலாம். இருந்த இருப்புல உறைஞ்சு நிக்கலாம். இல்லைன்னா, நாம சொன்ன பக்கம் திரும்பி, தூரம் போகாம வட்டம் போடலாம். என் மேசையில உக்காந்துதான் இதைச் செய்தாவ. எதை வைக்கப் போறீய அக்கான்னு கேட்டேன். சிரிச்சாவ. அப்புறம் ஒரு கதை சொன்னாவ."

"என்ன கதை?"

"ஐப்பசி மழையில கம்பி அறுந்த கதை."

காற்று மறுபடி எழுந்து ஓடுபாதையில் புழுதியைக் கிளப்பியது. ஆவுடையப்பன் வாயைத் திறந்தார்.  ஊரெல்லாம் சொன்ன கதையை அன்றைக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"சொல்லுங்க அண்ணாச்சி. உங்க கதைதானே. கம்பி அறுந்தா கைகாட்டி எப்படி நிக்கும்?"

"குறுக்க நிக்கும்."

"அப்படின்னா என்ன சொல்லுது?"

"நில்லுன்னு."

"வான்னு சொல்லாதா?"

"சொல்லாது." அவர் ஒரு கையைக் குறுக்கே நீட்டிக் காட்டினார். "ஆள் இருந்து கம்பியை இழுத்தாத்தான் கை கீழ இறங்கி வான்னு சொல்லும். அறுந்துபோச்சுன்னா, எடைக்கல்லு இழுத்துக் கை தானா மேல ஏறி நின்னுரும். அன்னைக்கு ராத்திரி பாலத்தைத் தண்ணி கொண்டுட்டுப் போயிருந்துச்சு. கை அப்படி நின்னதாலதான் மெயில் வண்டி முன்னாலயே நின்னுச்சு. அத்தனை சனமும் பொழைச்சுது."

அவர் கிளைடரை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சூட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் ரிமோட்டைப் போட்டார். வால் நடுவுக்கு வந்தது, முனகல் நின்றது. பிறகு பேட்டரியைக் கழற்றினார். கடைசியில் ரிமோட்டை அணைத்தார். விதியை மீறவில்லை.

"நான் நினைச்சேன், மாஸ்டரம்மா" என்றார், தலையைத் தூக்காமல். "அவ சும்மா உம் கொட்டுதா, ஒண்ணையும் கேக்கலைன்னுதான் இத்தனை வருசமும் நினைச்சேன்."

மாஸ்டர் காட்டுக்கு அப்பால் தெரிந்த வெள்ளை மேட்டைப் பார்த்தார். பிறகு அவர் மடியில் கிடந்ததைப் பார்த்தார்.

"கேக்காமலா இது திரும்பி வந்திச்சு, அண்ணாச்சி?"